துண்டுக்குள் வந்த மூக்கு

என் கைக்கு அடங்காத உருப்படி என்று திண்டிவனம் வட்டாரத்தில் எதுவும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, மாட்டுச் சந்தை பிடித்துக்கொண்டது. அடுத்தவர் மாட்டுக்குத் தரகு பேசத் தொடங்கியவன் இன்று சொந்தப் பால் பண்ணை, மாடி வீடு, கார் என்று நிற்கிறேன். முட்டுகிற காளையும் உதைக்கிற பசுவும் என்னைப் பார்த்தால் காலை ஒழுங்காக வைத்து நிற்கும்.

அப்படிப்பட்டவனுக்குப் போன வருஷம் விழுப்புரம் போகும் வழியில் என் மகள் காரில் வகுப்பெடுத்தாள். அவள் அங்கே வங்கியில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் பையனும் அவளும் பேசி முடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து சரி என்று சொல்வதுதான் பாக்கி. அதற்குத்தான் பையன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"அப்பா, அங்க ஒரு நாய் இருக்குது. அதை மட்டும் தொடாதீங்க. புது ஆளு தூக்கினா அதுக்கு ஆவாது."

"நான் தொடாத மாடா?"

"அது மாடு இல்லப்பா. போன தபா ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்களாம். அவங்க மாமா அதைத் தூக்கிக் கொஞ்சினாராம். அது பயந்துபோய் சோறு தின்னலன்னு என் வருங்கால மாமியாரு அந்த இடமே வேணான்னுட்டாங்க."

"நாய் சம்மதிச்சாத்தான் கல்யாணமா?"

"ஆமா," என்றாள். அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி முன் சீட்டிலிருந்து திரும்பி, "கையைக் கட்டிக்கினு உக்காருங்க, போதும்," என்றாள்.

பையன் வீட்டுக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பையனின் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார், மெல்லப் பேசுகிறவர். அம்மா வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று நுழைந்ததுமே தெரிந்துகொண்டேன். நாய் அவர் காலடியில் இருந்தது. தேங்காய்க்கு நார் உரிக்க மறந்தது போல ஓர் உருவம். முன்பக்கம் எது என்று மூக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அது எழுந்து வந்து என் வேட்டியை மோந்தது. என் பண்ணை மாடுகள் அத்தனையின் வாசனையும் அதில் இருக்கும் அல்லவா. மோந்துகொண்டே இருந்தது. தானாக வந்ததுதானே என்று குனிந்து எடுத்து மடியில் வைத்தேன். அதற்கு அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் விரல்கள்தான் பொறுப்பு. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், சந்தையில் மாட்டுக்கு வயசு பார்ப்பது பல்லை வைத்துத்தான். இடது கை தாடையைப் பிடித்தது, வலது கை உதட்டைத் தூக்கியது.

"பல்லெல்லாம் சேந்துபோச்சு," என்றேன் சந்தைக் குரலில். "வயசு கொஞ்சம் ஏறின உருப்படிதான்."

நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. அதனால் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதன் உடம்பு கட்டைபோல் விறைத்திருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை நக்கியது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிந்தது. பிறகு என் பட்டு வேட்டியில் மூத்திரம் பெய்துவிட்டு, குதித்தோடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது.

"அது வெளியில வரட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றார் பையனின் அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். என் மகள் முகம் வெளுத்துவிட்டது.

வாத்தியார் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். பையன் பிஸ்கட்டை நீட்டினான். பட்டுப்புடவையோடு என் மகளும் படுத்து, "செல்லம், வாடா, தாத்தா ஒண்ணும் பண்ண மாட்டாரு," என்று கெஞ்சினாள். என்னை நாய்க்குத் தாத்தா ஆக்கிவிட்டாள். நானும் என் பங்குக்குக் கூப்பிட்டேன். அது இன்னும் உள்ளே போனது.

"நீங்க பேசாதீங்க. உங்க சத்தத்துக்குத்தான் அது பயப்படுது," என்றார் பையனின் அம்மா.

மெல்லப் பேச எனக்கு வராது. நான் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் ஆமாம் போடுவார்கள். ஆனால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தால், திண்டிவனத்துக்குத் திரும்புவது கல்யாணம் இல்லாத காராகத்தான் இருக்கும். அதனால் வாய் இல்லாமல் பேச எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். தரையில் சம்மணம் போட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கைமேல் விரித்து, வாத்தியாரைப் பார்த்து நீட்டினேன்.

சந்தையில் விலை அப்படித்தான் பேசுவோம். துண்டுக்குள் கையை விட்டு ஒருவர் விரலை ஒருவர் பிடிப்போம், பிடித்த விரல்தான் எண். வேண்டாம் என்றால் விரலை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் அசையாதிருந்தால் சம்மதம்.

வாத்தியார் டார்ச்சோடு திருதிருவென்று விழித்தார். "என்னங்க, கை வலிக்குதா?"

அவர் மனைவி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "தள்ளுங்க. எங்க அப்பா பண்ணுவாரு இது," என்று எதிரில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டார்.

"எதுக்கு?" என்றார் மெல்ல.

"தேதி. தையில," என்றேன். முடிந்த மட்டும் அடக்கித்தான் சொன்னேன், டம்ளர் அதிர்ந்தது.

முதல் முகூர்த்தத்துக்கு அவரது ஒரு விரலைப் பிடித்தேன். உருவிக்கொண்டார். கடைசி முகூர்த்தத்துக்கு என் விரல்களைப் பிடித்தார். "எங்க அண்ணன் தம்பிங்களுக்கு அறுப்பு முடியணும்," என்று முணுமுணுத்தார். நான் உருவினேன். மறுபடி பிடித்தார். நல்ல பிடி. சந்தைக்கு வந்திருந்தால் என் தொழிலில் பாதி போயிருக்கும். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு துண்டைப் பார்த்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போது துண்டுக்குள் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு.

எப்போது வந்ததோ, நாய் பாதி உடம்பைத் துண்டுக்குள் நுழைத்து எங்கள் விரல்களை மோந்துகொண்டிருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, என் மணிக்கட்டின்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது.

நான் உருவ வேண்டிய கை அதன் தாடைக்கு அடியில் இருந்தது. உருவினால் அது ஓடும். ஓடினால் என் மகள் மறுபடியும் தரையில் படுக்க வேண்டும். நான் அசையவில்லை.

"அப்போ சரிங்க," என்றார் சம்பந்தியம்மா, தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு. "தை கடைசி முகூர்த்தம். ஏங்க, காப்பி எடுத்தாங்க."

மகள் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். நாய் குறட்டை விட ஆரம்பித்தது. என் வலது கை துண்டுக்குள்ளேயே கிடந்தது. எதிரில் கேசரி ஆறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புதுச் சம்பந்திகள் எல்லோரும் பார்க்க, எனக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டாள்.

"வாயைத் தொறங்க," என்றாள். "பல்லு பாக்கணும்."