பஞ்சர் இல்லாத டியூப்

அது ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. வலது கைப்பிடியில் நீளமாக ஒரு கீறல் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு ஹோட்டலின் மாடியில், வாரநாட்களில் டியூஷன் நடக்கும் ஹாலில், சனிக்கிழமை மாலைகளில் டீச்சர் அதை மேடைக்கு இடப்பக்கம் போடுவார். மேடை என்றால் தரையில் விரித்த பாய்தான். பார்க்க வந்தவர்களில் யாராவது ஒருவர் எழுந்து வந்து அதில் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுவார். டீச்சர் பக்கத்து முக்காலியில் இருந்தபடி சிறு சிறு கேள்விகள் கேட்பார். எங்கள் நாடகக் குழுவில் யார் யாராக நடிக்க வேண்டும் என்பதையும் சொன்னவரே காட்டுவார். ஒத்திகையோ எழுதிய வசனமோ கிடையாது. கேட்ட கதையை அங்கேயே, அப்போதே நடிப்போம். முடிந்ததும் டீச்சர் நாற்காலியில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "இதுதானா?" என்பார்.

நெடுங்காலம் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். மற்றவர்கள் மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள். டீச்சருக்கே என் மகன் வயதுதான் இருக்கும். அப்பாவுக்குத் திருநெல்வேலி, அம்மாவுக்கு நெய்யாற்றின்கரை. பேச்சில் இரண்டு ஊரும் மாறி மாறி வரும். முதல் நாள், பக்கத்தில் இருப்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் சொல்லி முடித்ததும் சிரித்தார். "சாரே, கதை நல்லா இருக்கு. ஆனா அவன் சொன்னது இது இல்ல, கேட்டோ." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நடுங்கும் மனிதரைப் பேச வைக்கவும், பேசிக்கொண்டே போகிறவரை நோகாமல் நிறுத்தவும் தெரிந்தவர் அவர். எங்களுக்கு அவர் விதித்தவை கொஞ்சம்தான். கதையில் வரும் ஒரு சாமானை மனதில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாயில் கால் வைக்க வேண்டும். முடிவு வேறு மாதிரி வேண்டுமென்று கேட்கும் உரிமை, நாற்காலியில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு.

ஒரு சனிக்கிழமை கீழே ஹோட்டலில் வேலை பார்த்த புரோட்டா மாஸ்டர் மாடிக்கு வந்தார். நாற்பதை நெருங்கியவர், தென்காசிப் பக்கம். டீச்சர் பலமுறை கூப்பிட்டும் வராதவர், அன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதன்முதலாகக் கேரளத்துக்கு வேலைக்குக் கிளம்பிய காலையைச் சொன்னார். வாசலில் அப்பா சைக்கிள் டியூபைக் காற்றடித்து, அகன்ற வட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"போய்ட்டு வாரேன்ப்பான்னேன். நிமிரல. தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தாரு. பஸ்ஸு வந்துட்டு, ஏறிட்டேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகையில அப்பா இல்ல."

அப்பாவாக நடிக்க அவர் என்னைக் காட்டினார். நான் பாயில் குந்தி உட்கார்ந்தேன். மகனாக நடித்த பையன் விடைபெற்று நகர்ந்தான். அவன் பாயின் ஓரத்துக்குப் போகும் முன் நான் எழுந்தேன். "மக்ளே" என்று கூப்பிட்டேன். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன். ஹாலில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

டீச்சர் கை தட்டவில்லை. "இதுதானா?" என்று மாஸ்டரைக் கேட்டார். அவர் கைதட்டிய கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றார். திரும்ப நடிக்கச் சொல்லட்டுமா என்று டீச்சர் கேட்டதற்கு, "வேண்டாம், அடுப்புல ஆளில்ல" என்று இறங்கிப் போய்விட்டார்.

"அங்கிளே, பொளிச்சு, சூப்பர்" என்று மகனாக நடித்த பையன் என் முதுகில் தட்டினான். எல்லோரும் போன பிறகு டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"சாரே, இன்னிக்கு எந்தச் சாமானைப் பிடிச்சீங்க?"

நான் மூலையில் கிடந்த என் செருப்பைத் தேடினேன்.

"அந்த டியூப்ல பஞ்சரே இல்ல, முந்தின நாள் நான்தான் ஒட்டினேன்னு அவர் சொன்னாரே. கேட்டுதா?"

எனக்குக் கேட்டிருக்கவில்லை. அவர் அதைச் சொன்ன நேரத்தில், எப்படி எழுவது, எந்தக் குரலில் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் இல்லாத டியூபில் ஓட்டை தேடிய அந்த மனிதருக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். மகனுக்கு அது தெரியும். அப்பாவிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அந்தக் குனிந்த தலை ஒன்றுதான். நான் அதை நிமிர்த்தி, கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஜனங்க அழுதாங்களே டீச்சர்" என்றேன். அவர் வாதாடவில்லை. "அடுத்த தடவை நடிக்கண்டா. உக்காந்து கேளுங்க, அது போதும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுவாரத்திலிருந்து போகவில்லை. எனக்குக் கிடைத்த கைதட்டலில் அவருக்குப் பொறாமை என்று இரண்டொருவரிடம் சொல்லவும் செய்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகனை நினைத்துத்தான் அப்படி நடித்தேன் என்று வேறு சிலரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி கைதட்டல். கீழே அந்த ஹோட்டலில் பிறகும் சாப்பிட்டேன். மாஸ்டர் எப்போதும்போல் சால்னாவைக் கூடுதலாக ஊற்றினார். நான் செய்தது தப்பு என்று அவரிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றிருந்தேன். ஒருநாள் புரோட்டாக் கல்லருகே வேறொருவர் நின்றார். மாஸ்டர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, போன மாதம்தான் டீச்சரின் வகுப்புக்குத் திரும்பப் போனேன். ஹால் மாறியிருந்தது, நாற்காலி அதேதான். அவர் தலையில் நரை. "சாரோ? வாங்க" என்றார், நேற்றுப் பார்த்தவரைப்போல. கதை சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது நான் எழுந்து போய் உட்கார்ந்து, இதையெல்லாம் சொன்னேன். நானாக நடிக்க ஒரு பெண்ணையும், மாஸ்டராகவும் மகனாகவும் நடிக்க இரண்டு இளைஞர்களையும் காட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்தாள், எழுந்தாள், ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, மகனாக நின்றவன் தோளுக்கு மேலாக முகத்தை மெல்லக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். அதை நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அப்படித்தான் செய்திருந்தேன்.

யாரும் கை தட்டவில்லை.

"இதுதானா சாரே?"

"இதுதான்."

"முடிவை மாத்திப் பாக்கணுமா?"

மாஸ்டராக நடித்தவன் இன்னும் பாயிலேயே நின்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வான். கைப்பிடியில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் டீச்சர். மாஸ்டர் இங்க இல்லியே."

அவர் தலையை அசைத்தார். "அப்போ எழுந்திரிங்க. அடுத்த ஆளு வரணும்."

நான் எழுந்து, நாற்காலியைக் காலி செய்தேன்.