தேயிலையடியில் எடுத்த மண்புழு

கொழும்பில் வண்ணமீன் கடையில் வேலை செய்யும் தம்பி, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓர் ஆக்சோலாட்டல் கொண்டுவந்து தந்தான். பல்லி போல நான்கு காலுடன் தண்ணீரிலேயே வாழும் பிராணி அது.

ஒரு நாள் அது சாப்பிட மறுத்தது. என் சின்ன மகள் தேயிலையடியில் வெறுங்கையால் தோண்டி வந்த மண்புழுவைக் கவ்விக் கவ்வித் துப்பியது. பட்டினியில் செத்துவிடுமோ என்ற பயத்தில், இடுக்கியால் திணிக்கப் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்த கணவர், "புழு எங்க புள்ள எடுத்த?" என்றார்.

"பாப்பாதாங்க, பின்னால மலையில எடுத்துச்சு."

"ஐயோ, காலையிலதான் அங்க புல்லு சாக மருந்து அடிச்சோம்!"

திரும்பினேன். மகள் மண் ஒட்டிய விரல்களால் ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டேன். சவர்க்காரம் போட்டு அவள் கையை நகக்கண்வரை தேய்த்துக் கழுவினேன்.

இப்போது புழுவை வீட்டுத் தோட்டத்தில்தான் எடுக்கிறோம். ஆக்சோலாட்டல் இரையைத் துப்பினால், தொட்டியைப் பார்க்கும் முன் மகளின் கையைத்தான் பார்க்கிறேன்.