பதினோரு வயலில் ஒரே சேலை

விளாங்குடியில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வீடு மேற்கே, கரும்பு வயலை ஒட்டி. எங்கள் பக்கம் கரும்பு வெட்டி முடித்ததும், வயலில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் காய்ந்த கரும்பிலைக்கு, அதாவது சோகைக்கு, தீ வைத்துவிடுவார்கள். பகலெல்லாம் புகைக்கு எதிராகப் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அந்தப் புகைக்குள்தான் பஸ்ஸை விட்டு இறங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பசுமை இல்ல வாயுக்கள் பாடம். சோகையை எரித்தால் என்னென்ன வாயு மேலே போகிறது என்று போர்டு நிறைய எழுதினேன். எங்கள் பஸ்ஸிலேயே வரும் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், ஒங்க வயல்லயும் எரிப்பீங்களா?"

"சேச்சே, நாங்க எரிக்கிறதில்ல" என்றேன். சொல்லும்போது வாய் கூசவில்லை. எங்கள் கரும்பு அந்த வாரம்தான் வெட்டி முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தீ வைப்பதாக ஏற்பாடு.

வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். கணவர் முடிக்கவே விடவில்லை. "சோகை இம்புட்டு கெடந்தா மறுதாம்பு எப்படிக் கெளம்பும்? பள்ளிக்கூடத்துப் பாடத்த வயக்காட்டுக்குக் கொண்டாராத." வெட்டிய கட்டையிலிருந்து தானாக முளைக்கும் அடுத்த கரும்புதான் மறுதாம்பு. அது அமுங்கிப்போகும் என்று அவருக்குப் பயம்.

மறுநாள் காலை அவருடைய சித்தப்பா மகன் வந்தான். சோகையை எரிக்காதவர்களுக்கு அடுத்த பருவத்தில் கரும்பு வெட்ட அனுமதிக்கும் வெட்டு உத்தரவு முதலில் என்று சர்க்கரை ஆலையில் சொல்லியிருந்தார்கள். அத்தாட்சிக்குத் தன் வயல் சோகை நடுவே நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இவனோ முந்தின நாளே தன் வயலைப் பொசுக்கியிருந்தான்.

"அண்ணே, ஒங்க வயல்ல நின்னு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிறேண்ணே."

எனக்குப் பொறி தட்டியது. "ஒனக்கு மட்டும் போதுமா? ஒன் கூட்டாளிகளுக்கும் சொல்லுப்பா" என்றேன்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையில் நான்கு பேர் வந்தார்கள். இன்னும் இரண்டு பேர் திருமங்கலம் போயிருக்கிறார்களாம், அவர்கள் வரும்வரை தீ வைக்காமல் பொறுக்க வேண்டுமாம். என் கணவருக்கு என்னைத் தவிர யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. மூன்று வாரம் ஆள் வந்துகொண்டே இருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஊரே பொய் சொல்லத் துணைபோகிறோம் என்று உறுத்தியது. ஆனாலும் சர்க்கரையைக் குறைக்கவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு அவர் தீப்பெட்டியோடு வயலில் இறங்கினார். சோகையைக் கிழித்துக்கொண்டு மறுதாம்பு பச்சையாக எட்டிப் பார்த்தது. இப்போது வைத்தால் அதுவும் சேர்ந்து கருகும். குனிந்து சோகையை விலக்கி மண்ணைத் தொட்டார். "எம்புட்டு ஈரம்" என்றார், தனக்குத்தானே. தீப்பெட்டி சட்டைப்பைக்குத் திரும்பியது.

பிறகு ஆலையின் கரும்பு அலுவலர் வந்தார். போட்டோ அனுப்பியவர்களை எங்கள் வயலுக்கே கூப்பிட்டுச் செல்போனை நீட்டினார். பதினோரு போட்டோ. எல்லாவற்றிலும் பின்னால் பன்றிக்குப் பயந்து வரப்போரம் கட்டிய சேலை ஒன்று. ஆரஞ்சுச் சேலை, பச்சைக் கிளிகள் போட்டது. நாத்தனார் எடுத்துத் தந்தது, நான் ஒருநாளும் கட்டாதது.

"எல்லாரும் ஒரே கடையிலயா எடுத்தீங்க?" என்றார் அலுவலர்.

என் கணவர் முன்னால் வந்தார். "சேலை எங்க வீட்டுது சார். வயலும் எங்களுது. எரிக்கல. இனிமேயும் எரிக்க மாட்டோம்."

அந்த 'மாட்டோம்' நான் எதிர்பார்க்காதது.

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுமியை எழுப்பினேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அன்னிக்கு நான் ஒன்கிட்ட சொன்னது பொய். இப்ப அது நெசமாயிருச்சு."

"தெரியும் டீச்சர்" என்றாள். "எங்கப்பாவும் ஒங்க வயல்லதான் போட்டோ எடுத்தாரு."