நிபந்தனை பார்க்காமல் தாண்டப் பார்த்த பஸ்

இன்று மைக்ரோபுரோசசர் பரீட்சை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் அசெம்பிளி மொழி நோட்டை மடியில் விரித்திருந்தேன். கம்ப்யூட்டரை வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ஜம்ப் கட்டளை இரண்டு வகை. ஒன்று நிபந்தனை சரியா என்று பார்த்துவிட்டுத் தாவும். மற்றது எதையும் பார்க்காமல் தாவும்.

தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் கொழுந்து பறிக்கும் அக்காமார் மூன்று பேர், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கோடு கை நீட்டினார்கள்.

கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார்: "நிக்காம போங்கண்ணே, சீட்டெல்லாம் ஈரமாக்கிருவாங்க."

எழுந்து மணியை அடித்தேன். பஸ் நின்றது.

"இங்கயா எறங்குறீங்க தங்கச்சி?"

"இல்லண்ணே, அவங்க ஏறுறாங்க. ஆள் நெறஞ்சிருந்தா தாண்டிப் போங்க. இங்க பாதி சீட்டு காலியாத்தானே கெடக்கு?"

கண்டக்டர் முறைத்தார். மூவரும் ஓடி வந்து ஏறும்வரை நான் உட்காரவில்லை.

"நாளைக்கு வேற பஸ் பாத்துக்கங்க" என்றார்.

"இதுலதான் வருவேன்" என்றேன்.

பரீட்சையில் நிபந்தனை பார்க்காத ஜம்புக்கு உதாரணம் கேட்டிருந்தார்கள். பஸ் நம்பரை எழுதாமல் விட்டதுதான் இன்று நான் காட்டிய ஒரே பொறுமை.

அந்த பஸ்ஸில் என்னோடு வந்தவர்களே, இருபது பேராவது இருந்தீர்கள். மணிச் சுவிட்ச் நாலு இடத்தில் இருக்கிறது. ஒருவர் கைக்கும் எட்டவில்லையா?