பன்னிரண்டு கோட்டுத் துப்பாக்கி

செமோர் ஊர்க் கோயில் திருவிழாவில், காற்றுத் துப்பாக்கிக் கடையின் உச்சியில், சக்கரம் வைத்த நீலநிறப் பள்ளிப்பை ஒன்று தொங்கியது. ஐந்து குண்டில் ஐந்து தகரக் குவளைகளையும் சாய்ப்பவருக்கு அது பரிசு. என் பையின் வார் அறுந்துபோய், அம்மா அதை ரஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டித் தந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்குக் கயிறு கட்டிய பை பொருந்தாது என்பது மூன்றாம் ஆண்டில் படித்த என் கட்சி.

அம்மாவின் தம்பியான மாமா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் காவல்காரர். அது ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது அங்கேயே பால் வெட்டியவர். துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்காமலே பேசுவார். அன்றும் பேசினார்.

“பால்மரத்துல வெட்டுக்கோடு சாஞ்சு இறங்குதுல்ல, அந்த மாதிரி குழலுக்குள்ள கோடு சுத்திக்கிட்டுப் போவும். குண்டு அதுல சுழண்டு நேரா போவும். கோடு கூடக்கூடக் குறி தப்பாது. நீ எண்ணிச் சொல்லு, படிச்ச புள்ள நீதானே.”

குண்டு போடாத துப்பாக்கி ஒன்றை மடக்கி என்னிடம் நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கழுவிய எவர்சில்வர் குவளைபோலப் பளபளத்தது. ஒரு கோடும் இல்லை. இத்தனை பேர் முன்னால் படித்த பிள்ளை எப்படி இல்லை என்று சொல்வது? ஆறு என்றேன். அடுத்ததற்கு எட்டு. மாமா எங்கோ பார்த்தபடி தலையாட்டினார்.

பக்கத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த இளைஞர்கள் இருவர் மூன்றாவது துப்பாக்கியால் மாறி மாறிச் சுட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பொறுமை இழந்தார்.

“அண்ணே, சுட வந்தீங்களா, பெரிக்சா பண்ண, சோதனை போட வந்தீங்களா லா?”

“பொறு தம்பி, புள்ள எண்ணுதுல்ல.”

இளைஞர்கள் அலுத்துப்போய் வைத்த துப்பாக்கியும் என் கைக்கு வந்தது. பள்ளியில் அந்த வாரம்தான் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தொடங்கியிருந்தது.

“பன்னிரண்டு.”

“அப்ப இதான்,” என்றார் மாமா.

அவர் குறிவைத்தது குவளைக்கு அல்ல, அதற்கு ஒரு சாண் இடப்பக்கம் இருந்த வெற்றிடத்துக்கு. “தம்பி, குவளை அந்தப் பக்கம் இருக்கு,” என்றார் கூட வந்திருந்த அம்மா. முதல் குவளை விழுந்தது. பிறகு மற்ற நான்கும் விழுந்தன. வீடுவரை தார்ச்சாலையில் பையைக் கடகடவென்று இழுத்துப் போனேன். வாய்க்கு வந்த என் எண்தான் அதை வென்றது என்று நெடுநாள் நம்பினேன்.

இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் பொறியாளராக இருக்கிறேன். கோடு நாலா பன்னிரண்டா என்பது மட்டும் குறியைத் தீர்மானிப்பதில்லை, குழலின் நேர்த்தியும் குண்டு அதில் பொருந்துவதும்தான் பெரிது என்று படித்திருக்கிறேன். போன வருடம் அதே திருவிழாவில் அதே மாதிரித் துப்பாக்கி ஒன்றைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். அப்போதும் கோடே இல்லை. மாமாவிடம் போய் என் பழைய பொய்யை ஒப்புக்கொண்டேன்.

ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்தபடி, “அது வழவழன்னுதான் இருக்கும், தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சா ஏன் மாமா எண்ணச் சொன்னீங்க?”

“கடைக்காரன் அவசரப்படுத்துறான். எனக்குப் பாக்க நேரம் வேணும்ல.”

இளைஞர்கள் சுட்ட குண்டெல்லாம் குவளைகளுக்கு ஒரு சாண் வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் குழலுக்குள் இல்லாத கோடுகளை எண்ணிய நேரமெல்லாம், மாமா பின்திரைத் துணியில் விழுந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.