கணவன் சொன்ன காரணம்

ஹைதராபாத் உப்பலில் மாத்திரை கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பெண்ணை, பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கணவன் வெட்டினான். கன்னத்தில் ஒன்று, தோளில் இரண்டு. நான் அப்போது அங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நிருபர். மருத்துவமனைக்குப் போன பிறகுதான் அவள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப்பெண் என்று தெரிந்தது. நானும் அந்தப் பக்கம்தான். அதனாலேயே பேசினாள்.

"தினம் அடிதான்க்கா. தனியா வீடு பாத்துட்டேன், பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். மறுநாளே வெட்டிட்டான். பேரு மட்டும் நக்கோ, போட்டுடாதீங்க."

"போடமாட்டேன்" என்றேன்.

காலையில் பேப்பரைப் பிரித்தால், 'நடத்தையில் சந்தேகம்: மனைவிக்கு வெட்டு' என்று தலைப்பு. அவள் பெயர், தெருப்பெயர் எல்லாம் இருந்தன. எந்நேரமும் போனில் பேசுவாளாம், தாமதமாக வீடு திரும்புவாளாம். அவள் சொன்னதில் ஒரு வரிகூட இல்லை. மேலே கொட்டை எழுத்தில் என் பெயர்.

செய்தியைத் திருத்திய உதவி ஆசிரியர் சென்னையிலிருந்து வந்தவர். நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"அவ சொன்னதை ஏன் சார் வெட்டினீங்க?"

"இடம் இல்லம்மா. போலீஸ் குறிப்புல இருந்ததைத்தான் சேர்த்தேன்."

"அது புருஷன் சொன்னது."

"யாரோ சொன்னதுதானே. காரணம் இல்லாம ஒருத்தன் வெட்டுவானா?"

டீ குடித்துக்கொண்டே சொன்னார். அதே பக்கத்தில் நடிகை ஒருத்தியின் நாய்க்கு மூன்று பத்தி இடம் இருந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தங்கைதான் பேசினாள். "கைக்கு வந்தீங்க, எதுக்கு? ஸ்கூல்ல புள்ளைகிட்ட உங்க அம்மா அப்படியான்னு கேக்குறாங்க. நம்பித்தானே சொன்னா."

அச்சுக்குப் போகுமுன் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனவள் நான்தான். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்றும் இருக்கிறது.

ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். பத்து நாள் கழித்து உள்பக்கத்தில் மூன்று வரி வருத்தம் வந்தது. இணையத்தில் பெயரை எடுத்தார்கள், தலைப்பை விட்டுவிட்டார்கள். கேட்டால், நிறையப் பேர் படிக்கிறார்கள் என்றார்கள். மீண்டும் மீண்டும் கேட்டு, இரண்டு மாதத்தில் மாற்ற வைத்தேன். அதற்குள் மற்ற தளங்கள் அந்தத் தலைப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன.

அவள் மகளோடு புது வீட்டுக்குப் போய்விட்டதாகத் தங்கை போனில் சொன்னாள். முகவரி கேட்டேன்.

"வேணாம்க்கா. நீங்க பேப்பர்காரங்க" என்று வைத்துவிட்டாள்.