ஜானு போட்ட நீலக்கோடு

மந்தைவெளியில், கால்வாயில் போய் முட்டும் ஒரு குறுக்குத் தெருவில் ஜானு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பேசி மடக்கியவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. "கை இறுக்கமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து "மூச்சு முட்டுதே" என்றால் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். ஆனால் "நீங்கதான சொன்னீங்க?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு எல்லாரையும் நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபோது அவளும் புருஷனோடு போனாள். அங்கே தைக்கக் கொடுக்க ஆளில்லை. புருஷன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். "இங்க உக்காந்து நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று தையல் மெஷினை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகவே மந்தைவெளிக்கு வந்துவிட்டாள்.

அவளுக்குத் தன் வீட்டின் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தவர் சுயம்புலிங்கம். திசையன்விளைப் பக்கத்துக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். முதல் மாடியில் குடியிருந்தார். தெரு நலச்சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

2023 டிசம்பர்ப் புயலில் கால்வாய் நிரம்பி, அதில் போய் விழவேண்டிய மழைத்தண்ணீர் அப்படியே தெருவுக்குத் திரும்பியது. பக்கத்து ஓட்டு வீட்டில் மெஹபூப் அலி இருந்தார். பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவில். ஜானு கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது தண்ணீர் அவருடைய கட்டிலைத் தொட்டுவிட்டது. துணி வெட்டும் மேசையை மிதக்கவிட்டு, அதன்மேல் அவரைக் கிடத்தி, மாடிப்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். படியேற்ற முடியவில்லை. அண்ணாச்சிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலியைத் தோளில் போட்டுத் தூக்கிப் போனார். தண்ணீர் வடியும்வரை கீழ்வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் வீட்டில்தான் சோறு.

படகு கேட்டு எத்தனையோ பேர் போன் செய்தார்கள். பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் படகு வந்தது. இந்தத் தெருவுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது அடுத்த வருஷம்தான் ஜானுவுக்குத் தெரிந்தது. வெள்ள வரைபடத்தைப் புதுப்பிக்கும் தன்னார்வக் குழுவிலிருந்து வைதேகி வந்தாள். மயிலாப்பூரில் கல்லூரி ஆசிரியை. ஜானுவின் அறை வாசலில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். சுற்றுத் தெருக்கள் எல்லாம் நீலம். இந்தத் தெரு மட்டும் வெள்ளை.

"வெள்ளைன்னா தண்ணி வராத தெருன்னு அர்த்தம். நீலமா இருக்கற இடத்துக்குத்தான் படகும் மோட்டாரும் முதல்ல போகும்" என்றாள்.

"எங்க தெருவுக்குத் தண்ணி வரலையா? இத எவன் சொன்னது?"

வைதேகி தயங்கினாள். "முன்னாடி கேட்டுண்டு வந்தப்போ, சங்கத்துலேர்ந்து பாதிப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கா. புயலுக்கு அப்புறம் கேட்டப்பவும் அதையேதான் எழுதியிருக்கா."

ஜானு நேராக மாடிக்கு ஏறினாள். அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம தெருவுல தண்ணியே வரலைன்னு எழுதிக் குட்த்தீங்களா?"

அவர் மறுக்கவில்லை. "கீழ இருக்க வீட்டை விக்கதுக்குப் பேசிக்கிட்டு இருக்கேம்மா. வெள்ளம் வார தெருன்னு போட்டுட்டா எவன் வாங்குவான்? எனக்கு மட்டுமா? சங்கத்துல எல்லாவனும் அப்படித்தான் சொல்லுதான்."

"அலி பாயத் தோள்ல தூக்கினு வந்தீங்களே. அன்னிக்கு இடுப்பு வரிக்கும் நின்னுக்கினு இருந்தது இன்னாது?"

"அது வேற, இது வேற."

ஜானு படியிறங்கி வந்தாள். அவர் பொய்க்காரர் என்றிருந்தால் கோபம் சுலபமாக இருந்திருக்கும். சோறு போட்ட கைதான் அந்தக் கையெழுத்தையும் போட்டிருக்கிறது.

மறுநாள் நீலப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி வந்தாள். தண்ணீர் நின்ற கறை அவள் அறைச் சுவரில் இன்னும் போகவில்லை. அதன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். அடுத்து அலியின் வீடு. பிறகு கீழ்வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, "எங்க வீட்லயும் போடு ஜானு" என்றார்கள். கடைசியாக அண்ணாச்சியின் மதில் சுவர்.

"என் செவுத்துல யாரைக் கேட்டுப் போட்ட?" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார்.

"தண்ணி யாரக் கேட்டு வந்துச்சி?"

அவர் ஆள் வைத்து மதிலில் சுண்ணாம்பு அடித்தார். அது காய்வதற்குள் ஜானு மறுபடி கோடு போட்டாள். திரும்பவும் அடித்தார். திரும்பவும் போட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். கடைசியில் அண்ணாச்சி கீழே இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "பொங்கலுக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு" என்றார்.

"பண்றேன். கோடு இங்கதான் இருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கம் கூடியது, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு. வைதேகியும் வந்திருந்தாள். "வாடகைக்கு இருக்கறவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. சொந்த வீட்டுக்காரங்க நாமதான பாத்துக்கணும்?" என்றார் மேல்மாடிக்காரர் ஒருவர்.

ஜானு எழுந்தாள்.

"ஆத்தங்கரையில இருந்தப்போ தண்ணி வர்ற இடம்னு சொல்லி எங்கள எடுத்தீங்க. இங்க தண்ணி வருதுன்னு நான் சொன்னா, வரலைன்னு சொல்லி என்னையே எடுக்கிறீங்க. வரட்டும் சார், எப்டியும் நாங்கதான் கீழ கீறோம். ஆனா முழுகினு இருக்கசொல்ல ஒரு படகு வரணும். அவ்ளோதான் கேக்குறேன்."

அப்போது சக்கர நாற்காலியில் இருந்த அலி, வைதேகியைப் பார்த்து நல்ல கையைத் தூக்கினார். வாய் கோணினாலும் வார்த்தை விளங்கியது.

"எழுதிக்கோம்மா. மெஹபூப் அலி. இந்தத் தெருவுல முழுகப் பாத்தவன்."

அதற்குப் பிறகு கீழ்வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்ததை ஒருத்தி சொல்ல, மகளின் பள்ளிப் புத்தகங்கள் கூழாகிப் போனதை இன்னொருத்தி சொன்னாள். மேல்மாடி அம்மா ஒருவர்கூட, "எங்க காரும்தான் போச்சு. வெளிய சொல்லல" என்றார். இரண்டு மூன்று பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அண்ணாச்சி போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

குடியிருப்பவர்கள் சொன்னால் போதும், சங்கத்தின் கையெழுத்து தேவையில்லை என்று வைதேகியின் குழுவில் முடிவெடுத்தார்கள். தெரு நீலமாகியது.

ஜானு அறையைக் காலி செய்து, அலி வீட்டின் முன்னறைக்கு மெஷினை மாற்றினாள். "பாய் வீட்ல தனியா இருந்தா நாலு பேரு பேசமாட்டாங்களா?" என்று கேட்டவளிடம், "பேசட்டும். அவங்க ஜாக்கெட்டும் எங்கிட்டதான் தைக்க வருது" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில், வானம் கறுக்கும்போதே தெருமுனையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வந்து நின்றது. மதியமே எச்சரிக்கை வந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே மெஷின், படுக்கை, பாத்திரம் எல்லாம் மாடி வீடுகளுக்கு ஏறின. அலியை எங்கே ஏற்றுவது என்று ஜானு யோசிப்பதற்குள் அண்ணாச்சி கீழே வந்து நின்றார்.

"பாயை எங்க வீட்டுக்கு ஏத்து. ஆனா ஒண்ணு. அந்தக் கோடு விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான்."

"நான் போட்டது போட்டதுதான் அண்ணாச்சி."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். தண்ணீர் முழங்கால் வரை வந்தது. மோட்டார் இறைக்க இறைக்க இறங்கியது. யாரையும் தோளில் போட வேண்டியிருக்கவில்லை. கீழ்வீடு கடைசிவரை விலைபோகவில்லை. அண்ணாச்சி உள்சுவர்களை இடித்துவிட்டு அதை வண்டி நிறுத்த விட்டார். ஜானுவோடு இப்போதும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தெருவின் மழைநீர் வடிகால் கால்வாயில் போய்ச் சேரும் வாயை யாரோ சுவர் வைத்துக் குறுக்கிவிட்டார்கள். அதைத் திறக்கவேண்டும் என்று ஜானு திங்கள்தோறும் மாநகராட்சி அலுவலகத்தில் குறைகேட்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன வாரம் அங்கே புதிதாக வந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்தச் சங்கம்மா?" என்று கேட்டார்.

"சங்கம்லாம் இல்ல சார். தண்ணி வர்ற தெருவுல கீறவ" என்று சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.